முதலில் விழிப்பது ஏஆர்எம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரத் தொழினுட்பப் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் என்ற வகையில், இப்படியொன்று தமிழில் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மின்சாரம் கொடுத்ததும் அதன் பிரதான புரொசெசரான ஏஆர்எம் லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிவிடும் என்று எழுதியிருந்தது பிழை. பிள்ளைகள் அதை அப்படியே பாடமாக்கி விடுவார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் மூன்று தலைமுறை ராஸ்பெரி பைகளில் ஏஆர்எம் தொடக்கத்தில் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். முதலில் ஓடுவது அதே சிப்பில் உள்ள வீடியோகோர் என்ற கிராஃபிக்ஸ் பகுதி. அது சிப்புக்குள் பதிந்துள்ள, மாற்ற முடியாத நினைவகமான ரோமிலிருந்து புறப்பட்டு, எஸ்டி கார்டிலுள்ள பூட்கோட்.பின் கோப்பை எடுக்கும். அந்த நேரம் பிரதான நினைவகமான ராம் வேலை செய்யாது, ஆகவே கோப்பு சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு நினைவகத்தில்தான் ஏறும். பூட்கோட்.பின் ராமை இயக்கி ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பைக் கொண்டுவரும். அதுதான் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலை ஏற்றி, ஏஆர்எம்மை விடுவிக்கும். இந்த இரண்டு கோப்புகளுக்கும் மூல நிரல் வெளியிடப்படவில்லை.

2014இல் சிப் நிறுவனமான பிராட்கொம் வீடியோகோரின் முப்பரிமாணப் பகுதிக்கு ஆவணம் வெளியிட்டது உண்மை. பூட் ஆகும்போது, அதாவது கணினி தொடங்கும்போது, ஓடும் பகுதியின் கட்டளைகள் அதில் இல்லை. அவற்றை ஆர்வலர்களே பைனரியை, அதாவது இயந்திரம் ஓட்டும் எண் வடிவ நிரலை, பிரித்து வாசித்துக் கண்டுபிடித்தார்கள். 16, 32, 48, 80 பிட் என்று நீளம் மாறிக்கொண்டே இருக்கும் கட்டளைகள் அவை; ஒன்று எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் அடுத்ததை வாசிக்கவே முடியாது. அதைவிடக் கடினமானது ராம். சிப்பைக் கட்டுப்படுத்தும் எண்கள் வைக்கும் இடங்களான ரெஜிஸ்டர்களில், எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எந்த ஒழுங்கில் எழுதினால் அது உயிர்பெறும் என்பதற்கு வெளியில் ஓர் ஆவணமும் இல்லை. அப்படியிருந்தும் பூட்கோட்.பின்னுக்குப் பதிலாகத் யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல ஃபேர்ம்வெயார் (வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல்) எழுதி, லினக்ஸ் கேர்னல் வரை ஓட வைத்துவிட்டார்கள். ஸ்டார்ட்.எல்ஃப் செய்யும் வேலைகள் எல்லாம் அதில் இல்லைதான். ஆனாலும் அந்த உழைப்பைச் சொல்லாமல் ராஸ்பெரி பை பற்றி எழுதுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்புறம், இதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. இந்தப் பழைய போர்ட்களில் பூட் நிரல் எஸ்டி கார்டில் இருப்பதால், எழுதியது பிழையாகிப் போனால் கார்டை மறுபடி எழுதிக்கொள்ளலாம். ரோமை யாரும் அழிக்க முடியாது. கைபேசியிலோ ரௌட்டரிலோ இந்தத் துணிச்சல் சரிவராது. கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி படிப்பவர்கள் இதை இறுதி ஆண்டுச் செயற்திட்டமாக எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பழைய போர்ட் ஒன்று, அது அனுப்பும் செய்திகளை வாசிக்க யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று, பொறுமை. வேறு செலவில்லை. பைனரியை வாசிக்கப் பழகியவருக்குக் கணினிக் கட்டமைப்புப் பாடம் பிறகு பயமுறுத்தாது.

தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இல் முதற்கட்ட நிரல் கார்டிலிருந்து போர்டிலுள்ள, திருப்பி எழுதக்கூடிய ஈப்ரொம் நினைவகத்துக்கு மாறியதையும் சேர்த்து விளக்கினால் நல்லது. சீரியல் கேபிள் பற்றி எழுதினால், அது மாட்டும் 8ஆம், 10ஆம் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்று பெரிய எழுத்தில் போடுங்கள். 5 வோல்ட் கேபிளை மாட்டினால் சிப் பழுதாகிவிடும்.

இப்படிக்கு,
ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.