சிவனொளிபாத மலையையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல பௌத்த யாத்திரை பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர் நாலும் வந்திருந்துச்சு, புத்தகயா கோயில் நிர்வாகத்துக்கு 1949ல போட்ட சட்டம், அதுல பிக்குகளுக்கு இருக்குற மனக்குறை, எல்லாம் சரிதான். ஆனா முழு கட்டுரையும் அந்த எடம் யாருக்கு சொந்தம்ங்கறதுலயே சுத்துது, அங்க போற சனங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படி நடந்துக்கறாங்கன்னு ஒரு வரி இல்ல.

அதுக்கு பீகார் வரைக்கும் போக வேணாம் சார், எங்க கோத்தகிரி பக்கம் வாங்க, இல்லன்னா கூடலூர், பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்துல, அதாவது தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுகள்ல கேளுங்க. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த பெரியவங்கள்ல, மஸ்கெலியா அட்டன் பக்கத்து தேயிலைத் தோட்டத்துக்காரங்க அங்க இருக்குற சிவனொளிபாத மலை ஏறினவங்க. 2243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமிக்கு ஆரம்பிச்சு வெசாக் (புத்தர் பிறந்த பௌர்ணமி) வரைக்கும் சீசன். உச்சியில இருக்குற பாதச்சுவடு சிங்களவங்களுக்கு புத்தர் பாதம், நமக்கு சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு முதல் மனுசன் பாவா ஆதம் கால் வச்ச எடம்.

எங்கம்மா நல்லதண்ணி வழியா ராத்திரியில ஏறினவங்க. மூச்சு வாங்கி படியில உக்காந்தா முன்னபின்ன தெரியாத சிங்கள கெழவி கைய புடிச்சு தூக்கி விட்டு, தான் கொண்டு வந்ததுல பாதிய குடுப்பாங்களாம், ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. மேல போனா மணி இருக்கும், எத்தனாவது தடவ ஏறியிருக்கோமோ அத்தன தடவ அடிக்கணும். பத்து தடவைக்கு மேல ஏறின தோட்டத்து பெரியவரு விடாம அடிக்கறப்ப சுத்தி நிக்கற எல்லாரும் அவர மரியாதையா பாப்பாங்களாம், அதே மனுசன் கீழ தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல தொரைகிட்டயும் கணக்கப்புள்ளகிட்டயும் திட்டு வாங்கறவரு, சிலோன் 1948ல போட்ட சட்டத்தால குடியுரிமையே இல்லாம போனவரு! அந்த மதிப்ப எந்த ஆபீசும் அவருக்கு குடுக்கல, அந்த மலை குடுத்துச்சு. அதனால சட்டம் மாறல, தமிழங்க மேல நடந்த கலவரமும் நிக்கல, அதையும் சேத்தே தான் சொல்றேன்.

இத சொல்லக்கூடியவங்க எங்க பக்கம் ஒவ்வொருத்தரா போய்ட்டிருக்காங்க. உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி அவங்க பேசுறத அப்படியே பதிவு பண்ணி போடுங்க, அடுத்த வெசாக்குக்கு முன்னாடி வந்தா ரொம்ப நல்லது. எந்தெந்த லயத்துல யார பாக்கணும்னு நானே கூட வந்து காட்டுறேன்.

ஒரு வாசகி, கோத்தகிரி