வரைபடத்தை நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்: சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டமிடுவோருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். 2008ல் விரைவுச்சாலையாக அறிவிக்கப்பட்ட 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்குத் திட்டம், பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் தனித்தடம் உள்ள வழித்தடமாக மாறியதை மனதார வரவேற்கிறோம். புறநகர் விரைவுச்சாலைகளை ஒட்டியும் இப்படி விரைவுப் பேருந்துத் தடம் வரவேண்டும். அதைத் திட்டமிடும்போது வரைபடத்தின் முதல் கோடு சாலையில் அல்லாமல் நிறுத்தத்தில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் பேருந்துகளின் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடினால் 10 நிமிடம். இடையில் எட்டு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 20 பேர் முன்கதவில் வரிசையாக அட்டையைத் தட்டி ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 2 வினாடி என்றாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். மேடை வாசலிலேயே கட்டணம் கழிந்து, மூன்று கதவிலும் ஏறினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரட்டைமாடிப் பேருந்தில் மேல்தளத்திலிருந்து படியிறங்கி வருவோருக்காகக் காத்திருக்கும் நேரம் தனி. இந்தத் தடத்துக்கு இரட்டைமாடியைவிட இரு பகுதிகள் இணைந்த 18 மீட்டர் நீளப் பேருந்தே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

தடம் எங்கே? சாலையோரத்தில் போட்டால் ஒவ்வொரு வெளிவழியிலும் கார்கள் குறுக்கே வெட்டும். கீழே சமிக்ஞை விளக்கில் தேங்கும் வரிசை, உச்ச நேரத்தில் பேருந்துத் தடம்வரை நீளும். ஆகவே நடுத்தடம்தான் சரி. ஆனால் நம் பேருந்துகளின் கதவு இடப்பக்கம். நடுவில் ஒரே மேடை கட்டினால் அது வலப்பக்கம் வந்துவிடும். 2007ல் தொடங்கிய இஸ்தான்புல் மெட்ரோபஸ் இதே சிக்கலுக்குப் பேருந்துகளை வழக்கமான பக்கத்துக்கு மாறாக மறுபக்கத் தடத்தில் ஓட்டியது. இங்கு அது வேண்டாம். திசைக்கொரு மேடையை, நேருக்கு நேராக இல்லாமல், 60 மீட்டர் தள்ளித் தள்ளி அமைத்தால் அகலம் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் முந்திச் செல்லும் தடம் போடலாம். அது இல்லாவிட்டால் பழுதான ஒரு பேருந்து முழுத் தடத்தையும் மறித்துவிடும்.

மேடை பேருந்தின் தளத்துக்குச் சமமாக, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். இப்போது சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கி, நடுக்கதவுக்கு வந்து, சாய்தளத்தை விரித்து, மறுபடி மடிக்க வேண்டும். சம உயர மேடையில் அவர் தாமாகவே உருண்டு ஏறுவார். ஆனால் டயர் உரசும் என்று பயந்து ஓட்டுநர்கள் விலகியே நிறுத்துவார்கள். இடைவெளி ஒரு சாண் ஆனால் எல்லாம் வீண். டயரைத் தாங்கி நேர்படுத்தும் வளைந்த விளிம்புக்கல் அவசியம். இடக் கண்ணாடி இடிக்காதபடி கூரைத் தூண்களை உள்ளே தள்ளி நடுங்கள். வழியில் இரட்டைமாடிகளும் ஓடுமானால், அவற்றின் 4.4 மீட்டர் உயரத்துக்காகக் கூரை மேலே போகும், சாரல் உள்ளே வரும். காற்று வரும் பக்கம் தடுப்பு வைக்காவிட்டால் மழைநாளில் எல்லாரும் ஒரே மூலையில் ஒதுங்குவார்கள், பின்கதவுகள் காலியாகவே திறந்து மூடும்.

நிறுத்தங்கள் உள்ளூர்ச் சாலையை விரைவுச்சாலை கடக்கும் இடங்களில் அமையட்டும். மின்தூக்கியில் இறங்கினால் கீழேயே வட்டாரப் பேருந்து நிற்க வேண்டும். ஒன்று பழுதானாலும் வழி இருக்க, மேடைக்கு இரண்டு மின்தூக்கி வேண்டும்.

காங்கிரீட் ஊற்றுமுன், ஒரு பேருந்துப் பணிமனையில் பலகையால் முழு அளவு மேடை ஒன்றை அமைத்து, சக்கர நாற்காலி, குழந்தைத் தள்ளுவண்டி, கைத்தடியோடு நடக்கும் முதியவர் ஆகியோரை ஏற்றி இறக்கி வினாடிகளைக் குறியுங்கள். ஒரு முறையாவது கொட்டும் மழையில் செய்யுங்கள்.

அன்புடன்,
பேருந்துப் போக்குவரத்துத் திட்டமிடலில் ஈடுபட்டுள்ள தமிழர்கள் சிலர்