சைக்கிளில் வரும் நம் பிள்ளைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் தேர்ச்சி கூடியிருக்கிறது. கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கிறது. கலைத் திருவிழாவில் ஒன்றிய அளவில் பரிசுகள் வாங்கினோம். கபடி அணி மாவட்டப் போட்டிக்குப் போகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் முயற்சியால் குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது. பதினொன்றாம் வகுப்புக்கு விலையில்லா மிதிவண்டிகளும் வந்து சேர்ந்தன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

அந்த மிதிவண்டிகளைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

போன வாரம் மாலை, பள்ளி விட்ட நேரத்தில் நம் மாணவிகள் சிலர் மெயின் ரோட்டில் எதிர்த்திசையில் சைக்கிளில் போயிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு, மூன்று வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில். எதிரே மினி பஸ். டிரைவர் பிரேக் அடித்து நிறுத்திவிட்டார். பயந்துபோன ஒரு பிள்ளை ஹேண்டிலைத் திருப்பி, தார் விளிம்பிலிருந்து பள்ளத்தில் இறங்கி விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டு, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறாள், வகுப்புக்கும் வருகிறாள். நான் போய்ப் பார்த்தபோது சைக்கிள் மண்ணில் கிடந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. முன் மட்கார்டு வளைந்து டயரை உரசிக்கொண்டிருந்தது. டிரைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஊரில் பேச்சு வேறு மாதிரி போகிறது.

மறுநாள் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். ஒரு தந்தை, "சைக்கிளுக்கு என்ன சார் ரூல்? லைசென்ஸ் கிடையாது, ஆர்சி கிடையாது, சின்னப் பிள்ளைகள்" என்றார். இன்னொருவர், "பைக்குக்கு என்ன ஃபைனோ அதையே சைக்கிளுக்கும் போட்டால்தான் சரிப்படும்" என்றார். இரண்டு பேரும் அக்கறையோடுதான் பேசினார்கள். ஆனால் இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால்தான் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் அதற்கு இல்லை. அதற்காகச் சாலையில் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 281-ஆம் பிரிவு பாயும். அந்தப் பிரிவு 'மோட்டார்' வாகனம் என்று சொல்லவில்லை, எந்த வாகனமானாலும் என்றுதான் சொல்கிறது. உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: சைக்கிளுக்கு வரி கட்டித் தகரப் பில்லை மாட்டிக்கொண்டு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. டபுள்ஸ் போனாலோ, இருட்டில் லைட் இல்லாமல் போனாலோ போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பில்லை மறுபடி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சைக்கிளும் ஒரு வண்டிதான் என்ற எண்ணம் அன்று எல்லோருக்கும் இருந்தது. அது இன்று இல்லை.

நான் இயற்பியல் ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பிள்ளை 15-இல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே திசையில் போனால், பஸ் பிள்ளையை நெருங்கும் வேகம் 35. எதிர்த்திசையில் வந்தால் 65. 50 மீட்டர் தூரத்தில் டிரைவர் பிள்ளையைப் பார்க்கிறார் என்றால், முதல் நிலையில் அவருக்கு 5 விநாடி கிடைக்கும். இரண்டாவதில் 3 விநாடிகூட முழுதாகக் கிடைக்காது. அதுவுமில்லாமல், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்துப் பிள்ளையின் பின்னாலேயே வரலாம். எதிரே வருகிறவர் அடியோடு நிறுத்தியாக வேண்டும். இடது பக்கமாகப் போ என்று சொல்வது இதற்காகத்தான். பெடல் மிதித்தாலும் ஆக்ஸிலேட்டர் திருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே இடது பக்கம், சிக்னல், திரும்புமுன் கை காட்டுவது, இருட்டில் விளக்கு, இவை சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தண்டனை விஷயம் வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒருவரை இடித்தால், 15-இல் போகும் சைக்கிள் இடிப்பதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு ஆற்றலோடு இடிக்கும். எடையும் கூடுதல், வேகத்தின் வர்க்கமும் சேர்கிறது. அத்தனை ஆபத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு லைசென்சும் இன்சூரன்சும் பெரிய அபராதமும் இருப்பது நியாயம். கூலி வேலைக்குச் சைக்கிளில் போகிறவரிடமும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடமும் அதே தொகையைக் கேட்பது நியாயமில்லை. நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் சிவப்பு விளக்கைத் தாண்டும் சைக்கிள்காரருக்கு அபராதம் உண்டு, சாலையில் ஓட்டினால் ஹெல்மெட்டும் கட்டாயம். ஆனால் அங்கேயும் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் கேட்பதில்லை.

சரி, பிள்ளைகள் ஏன் எதிர்த்திசையில் போகிறார்கள்? பள்ளி வாசலில் சென்டர் மீடியனில் இடைவெளி இல்லை. பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பி வர வேண்டும். சைக்கிள் மிதிப்பவருக்கு அது கூடுதல் தூரம்தான், மறுக்கவில்லை. வாசலருகே பாதுகாப்பான கடவையும் வேகத்தடையும் கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

ஆனால் அவர்கள் இதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாலையில் நான் வாசலில் நிற்கும்போது தினமும் பார்க்கிறேன். பிள்ளையை அழைத்துப் போக வரும் பைக்குகளும் ஸ்கூட்டர்களும் அதே எதிர்த்திசையில்தான் வருகின்றன. அம்மா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் ஹெல்மெட் இல்லை. பெடல் மிதித்து வரும் பிள்ளைக்காவது களைப்பு என்று ஒரு காரணம் இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கு அந்தக் காரணமும் இல்லை. இனி வாசலுக்கு எதிர்த்திசையில் வரும் வண்டியில் பிள்ளையை ஏற்றி அனுப்ப மாட்டோம். நீங்கள் சரியான பக்கமாகச் சுற்றி வரும்வரை பிள்ளை வளாகத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் பைக்கில் வந்து, டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து வருவது எனக்குத் தெரியும். 18 வயது நிறையாத பிள்ளையிடம் அந்த வண்டியைக் கொடுத்து அது ஓட்டினாலே, விபத்து எதுவும் நடக்காவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதில் பள்ளி யாருக்கும் பரிந்து பேசாது. வண்டியைக் கண்டால் பெற்றோரை வரச் சொல்லி, அவர்கள் வந்த பிறகே சாவியைக் கொடுப்போம்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் இந்த மாவட்டத்துக்குச் சாதாரணப் பொருள் அல்ல. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தின் வழியாகப் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், பூக் கட்டியவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும் ஓட்டினார்கள். நம் மாணவிகளின் பாட்டிகளில் சிலர் அவர்களில் உண்டு. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம்தான் பிறகு எல்லாப் பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. பஸ் வராத ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறாள் என்றால் அதில் அந்தச் சைக்கிளுக்குப் பங்கு உண்டு. விழுந்த பயத்தில் "இனி சைக்கிள் வேண்டாம், நின்றுவிடு" என்று எந்த வீட்டிலும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் முதல் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பிறகு, நம் உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் கை காட்டித் திரும்புவதையும், வரிசையாக ஓட்டுவதையும், பிரேக் பார்ப்பதையும் சொல்லித் தருவார். மழைக்காலத்தில் சிறப்பு வகுப்பு முடியும்போது இருட்டிவிடுவதால், அதை அரை மணி நேரம் முன்பே முடித்துவிடுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பிள்ளையின் சைக்கிளைத் திருப்பிப் போட்டு பிரேக் கட்டையைப் பாருங்கள். பின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்ட விடாமல் மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள்.

அன்று ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிய டீக்கடை அண்ணனுக்கும், வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து உதவிய மினி பஸ் டிரைவருக்கும், ஆத்திரப்படாமல் பள்ளிக்கு வந்து பேசிய அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் நன்றி. விடிகாலையில் எழுந்து சோறு கட்டி, பிள்ளையை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சந்தேகம் எதுவானாலும் மாலை நான்கரைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
புதுக்கோட்டை மாவட்டம்