வைக்கோலை மடக்கி உழுத வயலில் பயிர் ஏன் மஞ்சளாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வைக்கோலை எரிக்காதீர்கள், வயலிலேயே மடக்கி உழுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்படுகிறது. சரியான யோசனைதான். ஆனால் நடவுக்கு எத்தனை நாள் முன்பு உழ வேண்டும், கூடவே எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) இட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், நட்ட பயிர் மஞ்சளாகி நிற்கும். அடுத்த போகம் அந்த விவசாயி தீப்பெட்டியைத்தான் தேடுவார்.

வைக்கோலை மக்கவைப்பதில் முதல் வேலை பூஞ்சைகளுடையது. மக்கத் தொடங்கிய வைக்கோலின் கணுவைப் பிளந்தால் வெள்ளை இழைகள் பின்னிக் கிடப்பது கண்ணுக்கே தெரியும். இழையின் நுனி நொதியைக் கசியவிட்டு, நார்ப்பொருளைச் சர்க்கரையாக உடைத்து உறிஞ்சுகிறது. அந்தச் சர்க்கரையில் உள்ள கரிமத்தில் (கார்பன்) பாதிக்கு மேல் கரியமில வாயுவாக வெளியேறிவிடும். மீதிதான் பூஞ்சையின் உடம்பாகிறது. உடம்பு வளரப் புரதம் வேண்டும், செல்சுவருக்குக் கைட்டின் என்ற உறுதியான பொருள் வேண்டும். இரண்டுக்கும் தழைச்சத்து தேவை.

கணக்கைப் பாருங்கள். உலர்ந்த வைக்கோல் 100 கிலோவில் கரிமம் சுமார் 40 கிலோ, தழைச்சத்து சுமார் 600 கிராம். கரிமத்தில் 16 கிலோ பூஞ்சையின் உடம்பில் சேர்வதாகக் கொள்வோம். 10 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு வீதம் 1.6 கிலோ தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறை 1 கிலோ. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால் 20 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் சத்து. அதற்கு மண்ணில் இருப்பதைத்தான் பூஞ்சைகள் எடுத்துக்கொள்ளும். எங்கும் பரவிய இழைகளுக்கே முதல் பந்தி, நாற்றின் வேருக்கு மிச்சம்தான்.

மஞ்சள் அடி இலையின் நுனியில் தொடங்கினால் அது தழைச்சத்துக் குறை. துத்தநாகக் குறை என்றால் துருப்பிடித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் விழும். பிரித்துப் பார்க்காமல் துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட் தெளிப்பது வீண் செலவு. பதறி யூரியாவை அள்ளிக் கொட்டுவது அதைவிட மோசம். வைக்கோல் மக்கி முடியும்போது பூஞ்சைகள் செத்து, பிடித்து வைத்த சத்தும் பயிருக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் இலை கரும்பச்சையாகி இலைச்சுருட்டுப்புழு ஏறும், கதிர் முற்றும்போது பயிர் சாயும்.

அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அடித்தாளை மடக்கும்போதே ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா (ஏக்கருக்கு 9 கிலோ), அதுவும் நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பு என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அது அடித்தாளுக்கு மட்டும். அறுவடை எந்திரம் கொட்டிய வைக்கோல் முழுவதும் வயலில் கிடந்தால் 3 வாரமாவது விடுவது நல்லது. அந்த நாட்களில் தண்ணீர் கட்டக் கூடாது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். மண்ணைப் பிடித்தால் உருண்டையாகும் ஈரமே போதும். தண்ணீர் தேங்கினால் மக்குவது மந்தமாகி, கரிம அமிலங்கள் சேர்ந்து இளம் வேரைக் கெடுக்கும். மக்கவைக்க உதவும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையை இடுவோர் அதை மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூவ வேண்டும். யூரியாவோடு ஒன்றாகக் கலக்கக் கூடாது.

‘எரிக்காதீர்’ என்று அச்சிடும் துண்டறிக்கையிலேயே யூரியாவின் அளவையும் நாள் இடைவெளியையும் வேளாண்மைத் துறை சேர்த்து அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மண்ணியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.