காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி கம்பியையும் எர்த்ல சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூர் பக்கம் கம்பெனிகள்ல 20 வருஷத்துக்கு மேல எலக்ட்ரிகல் வேலை பாக்குறேன். டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டரோட வெளி இரும்பு பாடிக்கு ரெண்டு தனித்தனி எர்த், அதாவது மண்ணோட சேர்க்குற இணைப்பு, குடுக்கணும்னு விதியே இருக்கு, அத குடுத்துடுறாங்க, செக் பண்ண வர்றவங்களும் அந்த ரெண்டு எர்த் பட்டைய (உலோகப் பட்டை) பாத்துட்டு கையெழுத்து போட்டுடுறாங்க. ஆனா அடியில பிளிந்த்துக்குள்ள, அதாவது மெஷின் நிக்கிற காங்கிரீட் மேடைக்குள்ள, வலை மாதிரி இரும்புக் கம்பி கட்டியிருக்கே, அத எர்த்தோட சேர்த்த இடத்த நான் விரல் விட்டு எண்ணிடலாம்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு இடத்துல, மழை விட்ட நேரம், ஆபரேட்டர் தம்பி ஈர பிளிந்த் மேல வெறுங்கால்ல நின்னு ஜெனரேட்டர் கதவ தொட்டான், கை சுரீர்னு இழுத்துடுச்சு. மீட்டர் வச்சு பாத்தா பாடிக்கும் பிளிந்த்துக்கும் நடுவுல 40 வோல்ட். உள்ள ஹீட்டர்ல லீக்கேஜ், எர்த் கம்பிய மண்ணுல இறக்கியிருக்குற குழி, எர்த் பிட், அதுவும் காஞ்சு கெடக்கு. அதனால பாடியோட வோல்டேஜ் மேல ஏறிடுச்சு, கால் வச்ச எடம் மண்ணோட மட்டத்துலயே நின்னுடுச்சு, நடுவுல மாட்டுனது அந்த பையன் உடம்பு. கம்பியும் பாடியும் ஒண்ணா சேர்ந்திருந்தா ரெண்டும் சேர்ந்தே ஏறியிருக்கும், கைக்கும் காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஹீட்டர மாத்தி, பிட்ட சரி பண்ணி, அப்புறம் பிளிந்த் மூலைய ஒடச்சு கம்பிய தேடி பட்டை சேர்த்தோம், முழுசா ஒரு நாள் போச்சு.

காங்கிரீட்ல கரண்ட் போகாதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. மண்ணுல படுற காங்கிரீட் ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், அதனால கரண்ட் போகும். 1942ல அமெரிக்காவுல யூஃபர்னு ஒரு இன்ஜினியர் அரிசோனாங்கற வறண்ட பூமியில, வெடிமருந்து கிடங்குகளுக்கு அஸ்திவார கம்பியையே எர்த்தா வச்சாரு, பல வருஷம் அளந்தும் எர்த்தோட தடை 5 ஓம்ஸ தாண்டல, கம்மியா இருந்தா தான் நல்ல எர்த். இன்னிக்கும் அவங்க ஊர் எலக்ட்ரிகல் விதிப்புத்தகத்துல 20 அடி நீள அரை இஞ்ச் கம்பி காங்கிரீட்டுக்குள்ள மண்ண ஒட்டி இருந்தா அதுவே எர்த் தான். ஆனா அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சாலோ கம்பிக்கு எபாக்சி பூசியிருந்தாலோ அத எர்த்தா நம்பாதீங்க.

செய்யிறது கஷ்டமே இல்ல. கம்பி கட்டி முடிச்சதும் ஒரு பட்டைய கம்பியோட கிளாம்ப் பண்ணி வெளிய நீட்டி விடுங்க, அத மெயின் எர்த்தோட சேருங்க. வெல்டிங்னா மட்டும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர கேட்டுட்டு வைங்க, எல்லா கம்பியும் வெல்டிங்க தாங்காது.

டிராயிங்லயே இத ஒரு வரி போடணும், மிக்சர் வர்றதுக்கு முந்தின நாள் சிவில் ஆளும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து நின்னு பாக்கணும், அந்த ஜாயிண்ட்ட போட்டோ எடுத்து ஃபைல்ல வைக்கணும். இன்ஸ்பெக்டர்களும் அந்த போட்டோவ கேட்டு வாங்கி பாத்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர்,
ஓசூர்