ஸ்வெட்டர் எங்கே முடிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இலையுதிர் கால உடைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் குள்ளமாகவோ கொஞ்சம் பூசினாற்போலவோ இருக்கும் பெண்கள் வைட் லெக் பேன்ட், அதாவது கால் அகலமாக விழும் பேன்ட், பக்கமே போக வேண்டாம், போட்டே தீருவேன் என்றால் மேலே உடம்போடு ஒட்டிய ஸ்வெட்டர்தான் போட வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு தீர்ப்பு. அதை அப்படியே விட மனம் வரவில்லை. நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் துணி ஆல்டர் பண்ணும் கடையில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் வந்தால் எங்கள் கவுன்டரில் குவிவது இந்தப் பேன்ட்டுகள்தான். அவற்றைக் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் குள்ளமானவர்கள். உயரமானவர்களுக்கு எங்களிடம் என்ன வேலை?

கீழே தொளதொள என்றால் மேலே டைட், மேலே தொளதொள என்றால் கீழே டைட் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். கண்ணுக்கு அகலத்தைவிட முதலில் படுவது, உடம்பை எந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு வெட்டுகிறது என்பது. ஸ்வெட்டரின் கீழ் விளிம்புதான் அந்தக் கோடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடி இரண்டு அங்குலப் பெண்ணுக்குத் தோளிலிருந்து தரை வரை ஏறக்குறைய 52 அங்குலம் இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்வெட்டர் 26 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபாதி! மேலே 26, கீழே 26. போதாக்குறைக்கு அந்த விளிம்பு வந்து நிற்பது இடுப்புக்குக் கீழே, உடம்பு மிக அகலமாக இருக்கும் இடத்தை ஒட்டி. அதற்குக் கீழே பேன்ட் அகலமாக விழுந்தால் ஆள் சதுரமாகத் தெரியத்தான் செய்வார். அதே பெண், அதே பேன்ட், ஸ்வெட்டர் மட்டும் 18 அங்குலம் என்றால்? மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு. கால் நீண்டுவிடுகிறது. இந்த 18 அங்குல ஸ்வெட்டர் ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. தோள் இறங்கி, கை புஸ்ஸென்று இருந்தாலும் பரவாயில்லை. ஆக, தொளதொளவுக்குத் தொளதொள சேராது என்பது சரியில்லை. நீளமும் அகலமும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல்.

நம் பெண்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புடவை என்ன செய்கிறது? சின்ன ரவிக்கை, அதற்குக் கீழே இடுப்பிலிருந்து பாதம் வரை தடையில்லாமல் இறங்கும் கொசுவம். குள்ளமான அத்தைகளும் சித்திகளும் அதில் எடுப்பாகத் தெரிவதற்கு அந்தப் பங்கீடும் ஒரு காரணம். அதே அத்தை நியூ ஜெர்சிக்கு வந்து, குளிருக்காகப் புடவை மேல் தொடை வரை ஒரு ஸ்வெட்டரைப் போட்டதும் என்ன ஆகிறது என்று எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது பேன்ட்டின் இடுப்பு. தொப்புள் உயரத்துக்கு ஏறி நிற்கும் ஹை ரைஸ் பேன்ட் இல்லாமல் இந்தக் கணக்கு ஒத்துவராது. 1930களில் ஹாலிவுட் நடிகைகள் கேதரின் ஹெப்பர்னும் மார்லீன் டீட்ரிச்சும் போட்ட அகலக் கால் பேன்ட்டுகளைப் பழைய படங்களில் பாருங்கள், இடுப்புப் பட்டி எவ்வளவு மேலே இருக்கிறது என்று. இடுப்பெலும்பில் தொங்கும் லோ ரைஸ் பேன்ட்டோடு குட்டை ஸ்வெட்டர் போட்டால் நடுவில் வயிறுதான் தெரியும். நவம்பர் காற்றில் அதற்கு யாருக்குத் துணிச்சல்?

சரி, குட்டை ஸ்வெட்டர் இல்லை, இருப்பதை இன் பண்ணிக்கொள்ளலாம் என்றால், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்வெட்டர்களில் கேஜ் என்று ஒரு கணக்கு உண்டு. பின்னும் மெஷினில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது அது. 12 கேஜில் மெரினோ என்ற மென்மையான கம்பளியில் பின்னிய ஸ்வெட்டர் கிட்டத்தட்ட டி-ஷர்ட் போல மெல்லியது, அழகாக உள்ளே போகும். 3, 5 கேஜில் பின்னிய தடி ஸ்வெட்டரும், அயர்லாந்தின் அரன் தீவுகள் பாணியில் கயிறு கயிறாக முறுக்கிப் பின்னியதும் உள்ளே போகாது. திணித்தால் இடுப்பைச் சுற்றி ஒரு டயர். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் சொருகி விடுகிறார்களே, அதுவும் மெல்லிய பின்னலுக்குத்தான் சரிப்படும். அதிலும் பேன்ட்டில் முன்பக்கம் பிளீட், அதாவது மடித்துத் தைத்த மடிப்பு, இருந்தால் சொருகவே வேண்டாம். பிளீட் விரிந்து, இல்லாத தொப்பை ஒன்று முளைக்கும்.

தடி ஸ்வெட்டருக்கு நான் சொல்லும் வழி வேறு. மெல்லிய எலாஸ்டிக் பட்டை ஒன்றை ஸ்வெட்டருக்கு மேலேயே இடுப்பில் மாட்டுங்கள். அதற்குக் கீழே தொங்குவதை உள்பக்கமாக மடித்துப் பட்டைக்குள் செருகி, மேலே இருப்பதைக் கொஞ்சம் இழுத்துத் தளர விட்டால் பட்டை மறைந்துவிடும். ஸ்வெட்டரின் விளிம்பு பேன்ட் பட்டிக்கு மேல் வந்து உட்காரும், பேன்ட்டுக்குள் எதுவும் போகவில்லை. இது ஒத்துவராவிட்டால் தையல்காரரிடம் கொடுத்து நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், பின்னல் இழை இழையாகப் பிரிந்து போகும். நாங்கள் வெட்டிய ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் போட்டுப் பிடித்து, விளிம்பில் வரிவரியாக இழுபடும் பழைய ரிப் பட்டியையே திரும்ப வைத்துத் தைப்போம். டிரையரில் போட்டால் தானாகச் சுருங்கிக் குட்டையாகிவிடும் என்று ஒரு புண்ணியவதி யோசனை சொன்னாராம். கம்பளி சுருங்கும்தான். ஆனால் கையும் மார்பும் சேர்ந்து சுருங்கி, துணியும் விறைத்துப்போகும். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கு ஆகும்.

பேன்ட் துணியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. கெட்டி டெனிமில் தைத்த அகலக் கால் உடம்பை விட்டு விலகியே நிற்கும். அதன் மேல் தடி ஸ்வெட்டர் என்றால் எவ்வளவு உயரமானவரும் பெட்டிதான். கிரேப், ரேயான், மெல்லிய கம்பளித் துணி எல்லாம் நடந்தால் அசையும், நின்றால் நேராக விழும். தடி ஸ்வெட்டருக்கு ஜோடி இவைதான். டெனிம்தான் போடுவேன் என்றால் மேலே மெல்லிய பின்னலை இன் பண்ணிப் போடுங்கள். ஸ்வெட்டரும் பேன்ட்டும் ஒரே நிறத்தின் சாயல்களாக இருந்தால் அந்தக் குறுக்குக் கோடே மங்கிவிடும், நீளத்தில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் தெரியாது.

குள்ளமானவர்கள் வாங்கும்போதே பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. தொடையிலிருந்து நேராக ஒரே அகலத்தில் இறங்கும் பேன்ட்டில் நாலு அங்குலம் வெட்டினாலும் வடிவம் கெடாது. முழங்காலுக்குக் கீழே விரியும் பெல்பாட்டம் வகையை வெட்டினால் விரிவுதான் வெட்டுப்படும், மிஞ்சுவது வெறும் பேன்ட். அதற்குப் பெட்டீட் அளவிலேயே வாங்கிவிடுவது உத்தமம். அதில் முழங்கால் வளைவும் மேலே ஏற்றித் தைக்கப்பட்டிருக்கும். இந்த ஊரில் ஐந்தடி நான்குக்கு உட்பட்டவர்களுக்கென்று வருவதுதான் பெட்டீட்.

கீழ் மடிப்பை எங்களிடம் கேட்பவர்கள் பலரும் அரை அங்குலம் போதும் என்பார்கள். நான் ஒன்றரை, இரண்டு அங்குலம் விடச் சொல்வேன். புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறோமே, அதே காரணம்தான். கீழே கனம் இருந்தால்தான் துணி தொங்கும், இல்லாவிட்டால் காலைச் சுற்றிக்கொள்ளும். அளவு எடுக்க வரும்போது எந்த ஷூவோடு போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறேன். செருப்போடு வந்து நின்றுவிட்டு, பிறகு ஹீல்ஸ் போட்டுக் கணுக்கால் தெரிகிறது என்றால் வெட்டிய துணியை எங்கே போய் ஒட்டுவது? தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்பதுதான் அழகு. அதற்கும் கீழே போனால் மழை நாளில் ஈர இலைகளைக் கூட்டிக்கொண்டே நடக்கலாம். தண்ணீர் முழங்கால் வரை ஏறும்.

நீளமான ஸ்வெட்டர் கூடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ஊரில் பலாஸோவுக்கு முழங்கால் வரை குர்தா போடுகிறார்கள், நன்றாகத்தானே இருக்கிறது? பக்கவாட்டில் ஓப்பன் இருப்பதால் நடக்கும்போது இடுப்பு வரை பேன்ட் தெரிகிறது, கோடு அறுபடுவதில்லை. அதேபோலப் பக்கத்தில் உயரமாக ஓப்பன் வைத்த மெல்லிய நீள ஸ்வெட்டர்களும் வருகின்றன, அவற்றைத் தாராளமாகப் போடலாம். விளிம்பில் ரிப் இறுக்கிப் பிடிக்கும் நீள ஸ்வெட்டர்தான் எதற்கும் ஆகாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் படங்கள் போடும்போது, விலையோடு ஸ்வெட்டரின் நீளம், பேன்ட்டின் ரைஸ் (கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம்), உள்கால் அளவு, போட்டிருக்கும் பெண்ணின் உயரம் ஆகிய நான்கையும் படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் கொடுங்கள். மாடல்களில் ஒருவராவது ஐந்தடி இரண்டில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி