எண்ணிக்கை சரி, வரிசை என்ன?

ஆசிரியருக்கு,

நிலநடுக்கமும் பாலமும் என்று எழுதும்போதெல்லாம் பைல் (பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் நீண்ட கம்பம்) எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். எத்தனை வரிசையாக, எவ்வளவு இடைவெளியில் இறக்கினார்கள் என்பதைக் கேட்பாரே இல்லை. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்தில் ஷோவா பாலத்தின் 5 கண்கள் (இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) ஆற்றில் விழுந்தன, அதுவும் பாலம் திறந்து சுமார் ஒரு மாதத்தில். ஒவ்வொரு தாங்கலுக்கும் 9 எஃகுக் குழாய் பைல்கள் இருந்தன, ஆனால் அத்தனையும் பாலத்துக்குக் குறுக்காக ஒரே வரிசையில். ஈரமணல் குழம்பாக இளகியதும் பாலத்தின் நீளவாக்கில் முட்டுக்கொடுக்க இரண்டாவது வரிசை இல்லை.

சரி, நெருக்கமாக நாலு வரிசை இறக்கிவிட்டால்? அதுவும் நினைத்த அளவுக்கு உதவாது. பக்கவாட்டில் தள்ளும்போது முன்வரிசைக்குத்தான் மண்ணின் எதிர்ப்பு அதிகம் கிடைக்கும், பின்வரிசைக்கு எதிரே இருப்பது ஏற்கனவே தளர்ந்த மண். பைல் விட்டத்தைப்போல 3 மடங்கு இடைவெளி விட்டாலும் இந்தக் குறைவு நன்றாகவே தெரியும். அப்புறம், தூண் முன்னும் பின்னும் சாயும்போது ஓரத்துப் பைல்கள், குறிப்பாக மூலையில் உள்ளவை, ஒருபக்கம் அமுங்கி மறுபக்கம் பிடுங்கப்படும். தள்ளித்தள்ளி வைத்தால் அந்தச் சுமை குறையும்தான், ஆனால் பைல்களை மேலே சேர்த்துக் கட்டும் கான்கிரீட் மூடி பெரிதாகும், கனம் ஏறும், கனம் ஏறினால் நிலநடுக்க விசையும் ஏறும் (இதைப் பொறியாளர்களே சிலநேரம் மறப்பதுண்டு).

அடுத்த கட்டுரையிலாவது ஒரு பைல் அமைப்பு வரைபடம் போடுங்கள்.

– ஒரு வாசகர்